கொதித்தது பெட்ரோல் அல்ல

எங்கள் வீட்டிலிருந்து முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். ஐந்தாம் வகுப்பிலேயே எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று நினைத்திருந்தேன். அந்த நினைப்பால் கெட்டவர் என் தாய்மாமன்.

மாமா சாயல்குடிப் பண்ணையாரிடம் டிரைவராக இருந்தார். அவர் ஓட்டியது, தன் நாட்டுக்குத் திரும்பிய வெள்ளைக்காரர் ஒருவரிடம் பண்ணையார் வாங்கிய பந்தயக் கார். இரண்டே சீட்டு, கூரை கிடையாது. காலையில் தெருநாய்கள் துரத்திக் களைத்துப்போகும் வேகம். வெயில் ஏறிப் பத்து மைல் ஓடிவிட்டால் விக்கும், இருமும், உப்பளத்துப் பக்கம் எங்காவது நின்றுவிடும். அரை மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பும்.

பண்ணையார் தீர்த்துச் சொல்லிவிட்டார்: “ஏலே, வெள்ளிக்கிழமை ராமநாதபுரம் கோர்ட்டுல வாய்தா. அன்னைக்கும் வழியில நின்னுச்சுன்னா, நீ வேற பொழப்பப் பாத்துக்க.”

மறுநாள் மத்தியானம் பள்ளியிலிருந்து சாப்பிட வந்தபோது, உடைமரத்தடியில் நின்றுபோன வண்டியருகே மாமாவைப் பார்த்தேன். பிளக் வயர் கையில் இருந்தது.

“காலையில நீலமா அடிச்ச பொறி இப்ப வெளுத்துப்போய் வருது தாயி. பொறிக்குக் கரண்டு குடுக்குற காயிலத் தொட்டா தோசைக்கல்லாட்டம் சுடுது. மதுரையில புதுசு வாங்கியாரணும்.”

அந்த வாரம்தான் வாத்தியார் எங்களுக்குத் தண்ணீர் ஆவியாவதைக் காட்டியிருந்தார்.

“காயில் இல்ல மாமா. பெட்ரோல் கொதிச்சு, ஆவி குழாய அடைக்குது. ஈரத்துணி சுத்துங்க.”

மாமா என்னையும் காயிலையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தலைத்துண்டை நனைத்துப் பெட்ரோல் குழாயில் சுற்றினார். கொஞ்ச நேரத்தில் வண்டி கிளம்பியது. “எங்க பிள்ளை படிச்ச படிப்பு!” என்று எதிரே வந்த விறகு வண்டிக்காரரை நிறுத்திச் சொன்னார்.

அதற்குள் காயிலும் ஆறியிருக்கும் என்பது எனக்குத் தோன்றவில்லை. அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஆனால் கைநாட்டு வைப்பவர். படித்த பிள்ளையின் சொல்லுக்கு முன்னால் தன் கை தொட்டு அறிந்ததை நம்பவில்லை.

வெள்ளிக்கிழமை குழாயில் ஈரச்சாக்கைச் சுற்றிக்கொண்டு போனார்கள். பாதி வழியில் வண்டி நின்றது. பண்ணையார் பஸ் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் கேஸ் தள்ளுபடியாகிவிட்டது.

சாயங்காலம் பண்ணை வாசலில் கூட்டம். “மொதல்ல காயிலுன்னு சொன்னியே, அப்பறம் எவன் பேச்சக் கேட்டுடா சாக்கச் சுத்துன?” என்று பண்ணையார் கத்தினார். நான் மாமாவின் பக்கத்தில்தான் நின்றேன்.

“யாரும் சொல்லல எசமான். என் புத்தியிலதேன் தோணுச்சு.”

சாவியை வைத்துவிட்டு வந்தார். பிறகு மதுரை மெக்கானிக் காயிலை மாற்றியதும் அந்தக் கார் உச்சிவெயிலில் ஓடியதை ஊரே பார்த்தது. மாமா பார்க்கவில்லை, அப்போது அவர் தங்கச்சிமடத்தில் மீன்கூடை சுமந்துகொண்டிருந்தார்.

சாவியை வைத்துவிட்டு வந்த அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் நான் அவரோடு பேசவில்லை. சாக்கைச் சரியாகச் சுற்றத் தெரியாமல் கெடுத்தது போதாதென்று, என் யோசனையையும் தன்னுடையது என்று ஊரறியச் சொல்லிவிட்டாரே!

“என்ன தாயி, மாமா மேல கோவமா?”

“அது நான் சொன்னது.”

“ஆமா தாயி, நீ சொன்னதுதேன். யாருகிட்டயும் சொல்லிறாத.”

திருடியது வெளியே தெரிந்துவிடுமோ என்று பயப்படுகிறார் என்றே நினைத்தேன்.