தேவசகாயத்தின் ஆமையும் என் சந்தேகமும்

எங்கள் தீவில், பாம்பூஃப்ளாட் படகுத்துறையில் டிக்கெட் கொடுக்கும் வங்காளி என் கையைப் பிடித்துக்கொண்டு, "தேவா பாபு நஹீ ரஹே, பாய்" என்றார். தேவசகாயம் அண்ணாச்சி இறந்துவிட்டார். கப்பல் அலுவலகத்தில் பல ஆண்டுகள் எனக்கு அடுத்த மேசை அவருடையது. படகு வந்தது, நான் ஏறவில்லை.

அவரை அறிந்தவர்களுக்கு அவருடைய மாய நாவலையும் தெரிந்திருக்கும். கடலடியில் ஒரு நகரம். அதன் பாவங்களை முதுகில் சுமந்து கரையேறும் ஆமை மணலில் சாகிறது. மூன்றாம் நாள் ஓடு மட்டும் காலியாகக் கிடக்கிறது. இங்கே டாலிகஞ்சில் நடந்த வெளியீட்டுக் கூட்டத்தில் நான் எழுந்து, "மூணாம் நாளு யாரு எந்திரிச்சதுன்னு எங்களுக்குத் தெரியாதா அண்ணாச்சி? கதைன்னு சொல்லி வேதப் புஸ்தகத்தத்தானே எழுதியிருக்கீங்க?" என்று கேட்டேன். கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

"நீரு என் கதையப் படிச்சீரா, என் பேரப் படிச்சீரா?" என்றார்.

என் பேச்சு ஊருக்குள் பரவியது. நூலை வாங்கியிருந்த ஒரு பள்ளிக்குச் சில பெற்றோர் போய், மதம் பரப்பும் புத்தகம் என்று முறையிட்டார்கள். பள்ளி பிரதிகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. அன்று மாலைப் படகில் திரும்பி வந்த புத்தகக் கட்டை மடியில் வைத்தபடி அவர் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் நகர்ந்து இடம் தந்தார். அதையும் சந்தேகித்தேன். மன்னித்துக் காட்டுகிறாரோ, இதுவும் ஒரு பிரசங்கமோ என்று.

அடக்கம் முடிந்த மறுவாரம் அவர் மனைவி ரோஸ்லின் அக்காவைப் பார்க்கப் போனேன். சாயா கொடுத்துவிட்டு அவரே பேச்சை எடுத்தார்.

"அந்தப் புக்க எழுதுறப்ப அவரு கோயிலுக்கே வரல்ல தம்பி. மவ செத்த பெறவு ஜெபத்தையே விட்டுட்டாரு. நான் உள்ள இருப்பேன், அவரு எதுத்த கடையில உக்காந்திருப்பாரு."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமேக்கா?"

"நானும் அதத்தான் சொன்னேன். 'சொன்னா, சாமிய விட்டவன் எழுதுனதுன்னு படிப்பான். கதைக்குள்ள வரவே மாட்டான்'னாரு."

என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. ஆனாலும் சந்தேகம் விடவில்லை. ஜெபத்தை விட்டவருக்கு அந்த மூன்றாம் நாள் எங்கிருந்து வந்தது? வாய் விட்டதை எழுதும் கை விடவில்லையோ?

அக்கா உள்ளே போய் ஒரு நீல நோட்டை எடுத்துவந்தார். அண்ணாச்சி எழுதுவதை நிறுத்திவிட்டதாகவே நாங்களெல்லோரும் நினைத்திருந்தோம்.

"ரெண்டாவது கதை. யாருக்கும் காட்டல்ல. நீங்க படிங்க" என்று நீட்டினார்.

"இத எழுதுறப்ப கோயிலுக்குப் போனாராக்கா?"

என் வாயில் முதலில் வந்தது அதுதான். அக்கா நீட்டிய கையை மெல்ல இழுத்து, நோட்டை மார்போடு வைத்துக்கொண்டார்.

"சாயா ஆறுது தம்பி, குடிங்க" என்றார்.

அந்தக் கதை என்னிடம் இல்லை. அண்ணாச்சியின் நினைவாக என்னிடம் இருப்பது, நான் கேட்ட அந்தக் கேள்வி மட்டும்தான்.