சாய்ந்த பக்கத்து அலுமாரி

றிஸ்கான் மச்சானின் உடுப்புகள் எங்கள் வீட்டில் மற்றவர்களின் உடுப்புகளோடு ஒருநாளும் சேர்ந்ததில்லை. என் மூத்த சகோதரி முனவ்வறா ராத்தாவைக் கலியாணம் முடித்து அவர் வந்த கிழமையிலேயே உம்மா அதற்கு ஒரு ஒழுங்கு செய்துவிட்டார். என் வாப்பா ஸைனுலாப்தீன் மருதமுனையில் தறி வைத்திருப்பவர். கீழே ஓர் அறை முழுக்கச் சேலைக் கட்டுகள். மச்சான் சாய்ந்தமருதுக்காரர், ஒலுவில் துறைமுகத்திலிருந்து கொழும்புக்கு மீன் ஏற்றும் லொறியை ஓட்டுகிறவர்.

“மகன் கோவிக்காதீங்க” என்றார் உம்மா. “எவ்வளவு கழுவினாலும் மீன் மணம் மீன் மணந்தான். சேலையில ஏறிச்செண்டா ஆரு வாங்குவா? நம்மட வீட்ட நூல் மணந்தாத்தான் பரக்கத்து.”

அவர் கோவிக்கவில்லை. மீன் அடுக்கும் வெள்ளை றெஜிபோம் நுரைப் பெட்டிகளில் புதியது ஒன்றைக் கொண்டுவந்து, படியேறி முடிகிற இடத்தில் வைத்து, சாறனையும் சேர்ட்டையும் அதற்குள் மடித்து வைத்தார். ஒருமுறை பக்கத்து வீட்டு மாமி மேலே வந்தவர் பெட்டியைக் கண்டுவிட்டு, “இண்டைக்கி என்ன மீன் புள்ள?” என்று கேட்டார். என் தங்கை நஸ்லின், “சாறன் மீன் மாமி. முள்ளில்ல” என்றாள். வீடே சிரித்தது. மச்சானும் சிரித்தார். நானும்தான்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குரியது. மாப்பிள்ளை அங்கே வந்து சேருகிறவர். பல்கலைக்கழகத்தில் இதைப் பற்றி நான் பரீட்சையில் எழுதியிருக்கிறேன்: கலியாணம் முறிந்தாலும் பெண் நடுத்தெருவில் நிற்க மாட்டாள், ஆகவே இது அவளுக்குக் காப்பு என்று. நல்ல புள்ளி கிடைத்தது. எழுதியது பிழை என்று இன்றும் நான் நினைக்கவில்லை. என் இரண்டு சகோதரிகளுக்கும் அந்தக் காப்பு இருக்கட்டும் என்றுதான் விரும்புகிறேன். பட்டம் எடுத்து வந்து வேலை தேடிக்கொண்டிருக்கும் நானும் நாளை ஒரு வீட்டுப் படியேறி ஒதுக்கிய இடத்தில் என் உடுப்பை வைக்கப் போகிறவன்தான். ஆனாலும் அந்த விடைத்தாளில் றிஸ்கான் மச்சானைப் போன்ற ஒருவருக்கு ஒரு வரிகூட இருக்கவில்லை.

ராத்தாவுக்கென்று வாப்பா ஒரு காணியில் வீடு தொடங்கியிருந்தார். அது அத்திவாரத்தோடு நின்று, இப்போது அதற்குள் ஆடு கட்டுகிறார்கள். அதுவரைக்கும் என்று ராத்தாவுக்கும் மச்சானுக்கும் கொடுத்தது மேல் அறை. வீட்டின் பாதித் தட்டுக்கு மேல் கட்டி, ஒரு பக்கமாகச் சாய்த்துக் கூரைச் சீற் போட்டு, அதற்குக் கீழே பலகை அடித்த அறை அது. கதவடியில் ஆள் நிமிர்ந்து நிற்கலாம். உள்ளே போகப் போகக் கூரை இறங்கி, கடைசியில் இடுப்பளவுக்கு வந்துவிடும். அந்தப் பதிந்த பக்கத்தில் உடைந்த தறிச் சாமான்கள் கிடந்தன. கொழும்புக்குப் போய் வந்து பகலில் தூங்குகிறபோது மச்சான் அந்தப் பக்கமாகத்தான் பார்த்துக்கொண்டு படுப்பார். பார்த்துப் பார்த்து யோசித்திருக்க வேண்டும்.

“மாமா, அந்தப் பதிஞ்ச பக்கத்தில ஒரு அலுமாரி அடிச்சா என்ன?” என்று ஒருநாள் சோற்றில் இருந்தபோது கேட்டார்.

“அங்க பூனையும் குனிஞ்சுதான் போகும். அலுமாரி ஆருக்கு, பூனைக்கா?”

“எனக்கு.”

வாப்பா விரலை நக்கிக்கொண்டு சிரித்தார். “அடிங்க அடிங்க. சுவர் என்ட, பலகை உங்கட.”

மரவேலை செய்யும் ஓடாவி ஹாதிக் வந்தார். கூரை சாய்வதால் திறக்கிற கதவு மேலே முட்டும், தள்ளுகிற கதவு போடுவோம் என்றார். உயரமான முனையில் சேர்ட் தொங்கவிட ஒரு கம்பி, நடுவில் சாறனுக்குத் தட்டுகள், ஒன்றுக்கும் உதவாத கடைசி மூலையில் செருப்பு. இரண்டு பேரும் முழங்காலில் நின்று சுவரில் பென்சிலால் கோடு போட்டதைப் பார்த்தேன்.

“முதுகுக்குப் பலகை போடவா?” என்று கேட்டார் ஹாதிக்.

“முதுகுக்கு என்னத்துக்கு? சுவர் இரிக்கே.”

“மேலுக்கு?”

“கூரைப் பலகை இரிக்கே. அந்தப் பக்கமும் சுவர்தான். வீட்டுக்குள்ள வீடு கட்டவா போறோம்?”

அலுமாரி முடிந்ததும் மச்சான் அதற்குள் சாம்பிராணிப் புகை பிடித்தார். இரண்டு முறை கழுவிக் காயவைத்த சேர்ட்டுகளைக் கம்பியில் தொங்கவிட்டார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

“பஹ்மி, இழுத்துப் பாருங்க. சத்தம் வருதா?”

“இல்ல மச்சான்.”

“வராது. இது என்ட அலுமாரி” என்றார். எங்கள் வீட்டில் ஒரு பொருளை அவர் ‘என்ட’ என்று சொல்லி அதற்கு முன் நான் கேட்டதில்லை.

நஸ்லினுக்கு அட்டாளைச்சேனையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளைக்கு அக்கரைப்பற்றில் அரசாங்க உத்தியோகம். நாங்கள் இருக்கும் வீடு நஸ்லினுக்கென்று முன்பே பேச்சு. மேல் அறை புது மாப்பிள்ளைக்கு. ராத்தாவும் அவரது மகளும் கீழே உம்மாவோடு படுப்பது என்று முடிவானது.

“அப்ப மச்சான்?” என்று கேட்டேன்.

உம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். “அவர் கிழமையில முக்காவாசி றோட்டிலதானே மனே” என்றார்.

வீடு பார்க்க மாப்பிள்ளையின் தாயும் சகோதரி றினோஸாவும் வந்தார்கள். மேல் அறைக்குக் கதிரைகளைத் தூக்கிக்கொண்டு போனது மச்சான்தான். மாப்பிள்ளையின் தாய் நேரே போய்க் குனிந்து அலுமாரிக் கதவைத் தள்ளினார். உள்ளே தொங்கிய சேர்ட்டுகளை ஒரு கையால் ஒதுக்கிப் பார்த்தார்.

“மாஷா அல்லாஹ், ஒரு மூலயக்கூட வீணாக்கல்ல.”

“ஓம், வீட்டோட சேத்துத்தான் அடிச்ச” என்றார் உம்மா.

றினோஸா மூக்கைச் சுருக்கினாள். “என்னமோ மணக்குது உம்மா.”

“அதெல்லாம் கழுவித்தான் தருவம்” என்றார் உம்மா. மச்சான் கதவடியில், அந்த அறையில் நிமிர்ந்து நிற்கக்கூடிய இடத்தில், கடைசிக் கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அவர்கள் போன பிறகு அவர் கீழே வந்து எல்லோருக்கும் முன்னால் சொன்னார். “மாமி, அது என்ட அலுமாரி.”

“மச்சான், உங்களுக்கு லொறி இரிக்கி” என்றாள் நஸ்லின். “மாப்பிள வந்து உடுப்ப என்ட தலையிலயா வெக்கிற?”

“சுவர்ல அடிச்ச சாமான் சுவரோட சாமான், மருமகன்” என்றார் வாப்பா.

“நீங்கதானே மாமா சொன்ன, பலகை உங்கட எண்டு.”

அது உண்மை. வாப்பாவுக்கும் நினைவு வந்தது. கொஞ்ச நேரம் தாடியைத் தடவினார். “சரி. சொன்ன சொல்லு சொன்னதுதான். பலகை உங்கட. கழட்டிக்கி போங்க.”

மச்சானின் முகம் மாறியதைக் கண்டேன். இவர்கள் விடமாட்டார்கள், பெரிய சண்டை வரும், கடைசியில் ஒரு மூலையையாவது ஒதுக்கித் தருவார்கள் என்று எதிர்பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன். சண்டை பிடிக்க வேண்டுமென்றால் அவரை வீட்டு ஆளாக எண்ண வேண்டுமே. அதற்கு ஒருவரும் மெனக்கெடவில்லை.

அன்று பின்னேரம் அவர் ராத்தாவிடம் கேட்டது சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது.

“சாய்ந்தமருதுல ஒரு வாடகை வீடு எடுப்பமா?”

“நானா? வாடகை வீட்டுக்கா?” ராத்தா சிரித்துவிட்டார். “உம்மாட வீடு இரிக்கக்குள்ள? ஊர் என்ன சொல்லும், சீதன வீடு இல்லாம புருஷனுக்குப் பின்னால போயிட்டா எண்டா?”

“ஊர் என்னயப் பத்தி என்ன சொல்லும்?”

“உங்களப் பத்தி ஊர் ஏன் கதைக்கிற?” என்றார் ராத்தா. அவர் கல்நெஞ்சுக்காரி இல்லை. உண்மையாகவே அவருக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை.

கலியாணத்துக்கு வெள்ளையடிக்க ஆட்கள் வருவதற்கு முதல்நாள் மச்சான் ஹாதிக்கைக் கூட்டிவந்தார். அலுமாரியை அடிக்க எடுத்த நேரத்தில் பாதிகூடக் கழற்ற எடுக்கவில்லை. ஒவ்வொன்றாகக் கீழே இறக்கி முற்றத்து மணலில் வைத்தோம். ஒன்றுக்கொன்று உயரம் குறைந்த மூன்று கதவுகள். சாய்வாக வெட்டிய நடுப்பலகைகள். சில தட்டுகள். ஒரு கம்பி.

வாப்பா வெளியே வந்து சுற்றிப் பார்த்தார். “அலுமாரி எங்க?”

“இதுதான் முதலாளி” என்றார் ஹாதிக். “முதுகு உங்கட சுவர். மேல்பக்கம் உங்கட கூரை. ஒரு பக்கமும் உங்கட சுவர்தான். மிச்சம் இவ்வளவுதான் அவர்ட.”

வாப்பா இருமல் வரும்வரை சிரித்தார். “ஏத்துங்க மருமகன், ஏத்துங்க. ஒண்டையும் உட்டுராதீங்க.”

“கோழிக்கூடு அடிக்கலாம் மச்சான்” என்று ஜன்னலிலிருந்து சொன்னாள் நஸ்லின். “கூரைக்கெண்டே வெட்டின மாதிரி இரிக்கி.”

மச்சான் வேலிப் பக்கமாகப் போய்ப் போன் எடுத்தார். அவருடைய உம்மாவின் வீடு இப்போது அவர் தங்கையின் சீதன வீடு. அங்கே அவளுடைய மாப்பிள்ளை இருக்கிறார். லொறிச் சத்தத்துக்குப் பழகியவர் என்பதால் போனை எப்போதும் உரக்க விட்டுத்தான் கதைப்பார். அண்ணனை ‘நானா’ என்று கூப்பிடுகிற தங்கையின் குரல் முற்றத்துக்கே கேட்டது.

“நானா, பலகையா? உள்ளுக்கு இடமில்லயே. இவர் என்ன சொல்லுவாரோ தெரியா. கிணத்தடியில போடுங்களன், தகரத்தால மூடலாம்.” கொஞ்சம் நிறுத்தி, “நீங்களும் வாறயா?” என்று கேட்டாள்.

“இல்ல” என்றார் மச்சான். “பலகை மட்டுந்தான் கேட்ட.”

போனைச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு வந்து, “ஹாதிக், நீங்களே கொண்டு போங்க” என்றார்.

“என்ன விளையாடுறீங்களா? நல்ல பலகை.”

“நல்ல பலகைதான். கொண்டு போங்க.”

ஹாதிக் ஏற்றிக்கொண்டு போனார். மச்சான் தன் உடுப்புகளை ஒரு சாக்கில் கட்டி லொறியின் முன் இருக்கையில் போட்டார். இப்போதும் அங்கேதான் அவை இருக்கின்றன. அவரும் அங்கேதான் படுக்கிறார். அன்று உடனே போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். ஆனால் ராத்தா மேலிருந்து கூப்பிட்டார்.

“இஞ்சேருங்க, ஒருக்கா வாங்க.”

அவர் இரண்டு படியாகத் தாண்டி ஏறினார். ஏதோ ஒன்றை எதிர்பார்த்து ஏறியது போலிருந்தது. நானும் பின்னால் போனேன்.

அறை வெறுமையாக இருந்தது. பதிந்த பக்கத்துச் சுவரில் பென்சில் கோடுகளும் ஆணித் துளைகளும். ராத்தா கையில் விளக்குமாறோடு நின்றார்.

“ஆணியெல்லாம் கொட்டுப்பட்டுக் கிடக்கு. விளக்குமாத்துக்கு வருதில்ல. ஒருக்கா உள்ளுக்குப் போய்ப் பொறுக்குங்களன். புது மாப்பிள்ளட கால்ல குத்திச்செண்டா நமக்குத்தானே வெக்கக்கேடு.”

மச்சான் அவரைப் பார்த்தார். ராத்தா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், எங்கெங்கே கிடக்கிறது என்று.

அவர் சாறனை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்காலில் இறங்கினார். பிறகு கையை ஊன்றி, தலையைப் பதித்து, கூரை இடுப்பளவுக்கு வருகிற இடம்வரை போனார். நான் போன் வெளிச்சத்தைப் பிடித்தேன். உள்ளங்கையால் தரையைத் தடவித் தடவி எடுத்தார். கைப்பிடி நிறைய ஆணிகளோடு பின்பக்கமாக ஊர்ந்து வெளியே வந்தபோது நெற்றியில் சிலந்தி வலை ஒட்டியிருந்தது.

ராத்தா கையை நீட்டி வாங்கி, எண்ணாமல் ஒரு தாளில் சுற்றினார்.

“அந்த மூலயையும் பாத்த நீங்களா?” என்று கேட்டார். “செருப்பு வெச்ச மூலை. அங்க இன்னும் கிடக்கும்.”

“ஓம், கிடக்கும்” என்றார் மச்சான். மறுபடி குனிந்து உள்ளே போனார்.