ரிமோட் இல்லாத டிவி

மகள் இறந்தபின் ஒரு வருடம் எங்கள் வீட்டில் டிவி ஓடவில்லை. சாவு விழுந்த வீட்டில் வருஷத் திதி முடியும்வரை டிவி போடும் வழக்கமில்லை. என் மனைவி பழைய புடவை ஒன்றை நாலாக மடித்து அதன்மேல் போர்த்திவிட்டாள். எண்பத்தொன்பதில் வாங்கிய கறுப்பு வெள்ளைப் பெட்டி அது. மகளுக்கு அப்போது பதிமூன்று வயது. பத்தொன்பது வயதில் மஞ்சள் காமாலை வந்து போய்விட்டாள். எங்களுக்கு வேறு பிள்ளை இல்லை.

திதி முடிந்த மறுநாள் புடவையை எடுத்துவிட்டு சுவிட்சைப் போட்டேன். சத்தம் வந்தது, படம் வரவில்லை. பார்க்க வந்த மெக்கானிக் பின்பக்கத்தைக் கழற்றி, "பிக்சர் ட்யூப் போயிடுச்சு சார். இதைச் சும்மா மூடி வெக்கக் கூடாது, அப்பப்ப ஓடவிட்டுனே இருக்கணும்" என்றான். வீட்டில் துக்கம் என்றேன். அவன் மூடியைத் திரும்ப மாட்டினான். எட்டுத் திருகாணிகளைக் கழற்றினான், ஏழைத்தான் மாட்டினான். கேட்டதற்கு, ஏழே தாங்கும் என்றான்.

எனக்கென்று டிவி தேவையில்லை. செய்தியைப் பேப்பரில் படித்துக்கொள்வேன். ஆனால் நான் ஆபீஸ் போய்த் திரும்பும்வரை என் மனைவி வீட்டில் தனியாக இருந்தாள். டவுனுக்கு வெளியே வேங்கிக்காலில் அப்போது எங்கள் தெருவில் மொத்தம் ஐந்து வீடுகள். நடுவில் எல்லாம் காலி மனைகள். மாலையில் நான் வரும்போது விளக்குக்கூடப் போடாமல், காலையில் விட்ட அதே இடத்தில் உட்கார்ந்திருப்பாள். சுவரைப் பார்ப்பதற்குப் பதில் வேறு எதையாவது பார்க்கட்டும் என்றுதான் ஒரு சனிக்கிழமை கட்டாயப்படுத்தி டவுனுக்கு அழைத்துப் போனேன்.

தேரடித் தெரு டிவி கடையில் எங்கள் சக்திக்குள் அடங்கியவை இரண்டு. இரண்டும் கலர். ஒன்று பதினாலு அங்குலம், ரிமோட் உண்டு. மற்றது இருபது அங்குலம், ரிமோட் கிடையாது. முன்பக்கம் சேனலுக்கு எட்டு பட்டன்கள், சத்தத்துக்கு இரண்டு. விலையில் பெரிய வித்தியாசமில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே பாட்டை ஓடவிட்டிருந்தார்கள். நான் சட்டைப் பையிலிருந்து அளவு நாடாவை எடுத்துப் பெரிய திரையில் மூலைக்கு மூலை பிடித்தேன்.

"அரை அங்குலம் குறையுதேப்பா."

"அது ஃபிரேமுக்குள்ள இருக்குது சார். அதையும் சேர்த்துதான் உங்களுக்குத் தரோம்" என்றான் கடைக்கார இளைஞன்.

எனக்குச் சிறியதே சரி என்று பட்டது. அவளுக்கு எழுந்திருக்கவே மனமில்லாத காலம். உட்கார்ந்த இடத்திலிருந்தே மாற்றிக்கொள்ளலாம். இதை அவள் எதிரில் சொல்ல முடியாமல், ரிமோட்டுக்கு எத்தனை செல், ஒரு ஜோடி எத்தனை மாதம் வரும், ரிப்பேர் ஆனால் வேலூருக்கா தூக்கிப் போக வேண்டும் என்று அவனைத் துளைத்துக்கொண்டிருந்தேன். அவன் என்னைக் கைவிட்டு என் மனைவி பக்கம் திரும்பினான்.

"இன்னாம்மா, சார் செல்லுக்கே இவ்ளோ கணக்குப் போடறாரு! வீட்ல பசங்க இருக்காங்களா? இருந்தா ரிமோட்டே வேணாம். ஒரு குரல் விட்டா எழுந்து வந்து மாத்தப் போறாங்க. எங்க வீட்ல நான்தான் ரிமோட்டு. பத்து வருஷமா செல் மாத்தாம ஓடுது."

எங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. "பாப்பா, அந்தச் சத்தத்தைக் கொஞ்சம்" என்று பாதி சொல்வதற்குள் மகள் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்திருப்பாள். "ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு வேலைக்காரியைப் பெத்து வெச்சிருக்கீங்க" என்று திட்டிக்கொண்டேதான் திருகுவாள்.

"ஒரு பொண்ணு இருக்கா" என்றாள் என் மனைவி.

நான் அவளைப் பார்க்கவில்லை. ஓடிக்கொண்டிருந்த இரண்டு திரைகளையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"இன்னா படிக்குது?"

"பி.எஸ்ஸி. கடைசி வருஷம்."

உயிரோடு இருந்திருந்தால் அந்த வருடம் கடைசி வருடம்தான். வீட்டில் எல்லாவற்றுக்கும் கணக்கு வைத்திருப்பவன் நான். இது எனக்குத் தோன்றியிருக்கவில்லை.

"அப்புறம் இன்னாம்மா யோசனை? பெருசையே எடுத்துக்குங்க."

"பெருசே இருக்கட்டும்" என்றாள். நான் பணத்தைக் கட்டினேன்.

பஸ் பிடித்துத் திரும்பினோம். வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றும்போதுதான் சொன்னாள். "வாயில அப்படித்தாங்க வந்துச்சு. செத்துட்டாள்னு சொல்லி, அந்தப் புள்ள ஐயோன்னு சொல்லி... எவ்ளோ பேருகிட்டதான் அதைக் கேக்கறது?"

"இருக்கட்டும்" என்றேன்.

மறுநாள் சாயங்காலம் அந்த இளைஞனே ஆட்டோவில் டிவியைக் கொண்டுவந்தான். மேசைமேல் தூக்கி வைத்தான், ஒயரைச் சொருகினான், ஒவ்வொரு சேனலாகப் பிடித்து வைத்தான். "பாப்பாவைக் கூப்புடுங்கம்மா. எப்படி மாத்தறதுன்னு காட்டிட்டுப் போறேன். வயசுப் பசங்களுக்குன்னா சட்டுனு புரியும்" என்று சொல்லிக்கொண்டே நிமிர்ந்தான்.

எதிர்ச் சுவரில் மகளின் போட்டோ இருந்தது. திதிக்குப் போட்ட மாலை இன்னும் கழற்றவில்லை. கீழே சின்ன சிவப்பு பல்பு எரிந்துகொண்டிருந்தது. அவன் அதைப் பார்த்தான். பிறகு சமையலறை வாசலில் நின்ற என் மனைவியைப் பார்த்தான். கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரை எங்கே வைப்பது என்று தெரியாதவன்போல மேசைமேல் வைத்து, திரும்ப எடுத்தான்.

"அம்மா" என்றான். குரல் இறங்கிவிட்டது. "அந்தச் சின்னதையே நாளைக்குக் கொண்டாந்து மாத்திக் குடுத்துடட்டா? முதலாளிகிட்ட நான் பேசிக்கறேன்."

அதுதான் நல்லது என்று சொல்ல நான் வாயெடுத்தேன்.

"வேணாம்பா" என்றாள் அவள். "இதுவே இருக்கட்டும். எனக்குக் காட்டு."

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவன் ஒவ்வொரு பட்டனாகக் காட்டினான். அவள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல ஒவ்வொன்றையும் தானும் ஒரு முறை அழுத்தினாள். சத்தம் கூட்டுவது எது, குறைப்பது எது என்று இரண்டு தடவை கேட்டாள். அவள் கொடுத்த காபியை அவன் நின்றபடியே குடித்துவிட்டு, என்னிடம் மட்டும் தலையசைத்துவிட்டுப் போனான்.

அவன் போன பிறகும் அவள் அங்கேயே, கைக்கு எட்டும் தூரத்தில், தரையில் உட்கார்ந்திருந்தாள். நான் பின்னால் நாற்காலியில் இருந்தேன். ஒன்றிலிருந்து எட்டுவரை அழுத்தினாள். மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள்.

"ஏதாவது ஒண்ணுல நிறுத்தேன்" என்றேன்.

நிறுத்தினாள். பிறகு சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டாள். யாரோ ஒருத்தி வாயை மட்டும் அசைத்துச் செய்தி வாசித்துக்கொண்டிருந்தாள். அந்த வெளிச்சத்தில் எனக்கு என் மனைவியின் முதுகுதான் தெரிந்தது. பார்க்கிறாளா, அழுகிறாளா என்று பின்னாலிருந்து சொல்ல முடியவில்லை. எழுந்து போய் அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.