பேச்சில் அணைகிற பைப்

எரிந்துபோன பைப்புக்கு வைத்தியம் பார்ப்பது என் தொழில்; அதையும் நெருப்பைப் பற்றித் தணிந்த குரலில் பேசுகிற ஊரில் வந்து பார்க்கிறேன்.

புகையிலை அடைத்துப் பிடிக்கிற மரப் பைப்பைச் சொல்கிறேன். பிரையர் என்கிற வேர்க்கட்டையில் குடைந்தது லேசில் எரியாது. ஆனால் விடாமல் இழுத்தால் ஓரிடத்தில் சூடு ஏறி உள்சுவர் கருகும். வெளியே பழுப்பாக ஒரு பொட்டு தெரியும். கொஞ்ச நாளில் அந்தப் பொட்டை விரலால் அமுக்கினால் விரல் உள்ளே போகும்.

பதினெட்டு வருஷம் வெளிநாட்டில் ஒரு துறைமுக நகரத்தில் இதே வேலைதான் பார்த்தேன். கடையை மூடினார்கள். அதற்கு முன்பே வீடு இரண்டாகியிருந்தது. மகள் அவள் அம்மாவோடு அங்கே. நான் கருவிப் பெட்டியோடு, பட்டாசும் தீப்பெட்டியும் செய்கிற திருத்தங்கலில் ஒரு மாடி அறையில். ஒருவருக்கு மட்டும் சமைத்து, ஒரே தட்டைக் கழுவி, அடுத்த வேளைக்கு அதே தட்டை எடுத்து வைக்கிற உங்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

தீப்பெட்டி

வீட்டுக்கார மாரியம்மாக்கா பட்டாசுக் கம்பெனியில் சரவெடி பின்னுகிறவர். அறை பார்க்கப் போன அன்று என் பெட்டியைத் திறந்து காட்டினேன். அரம், துளைக்கருவி, மரத்துண்டு எதையும் அவர் சட்டை செய்யவில்லை. மூலையில் கிடந்த தீப்பெட்டியை மட்டும் இரண்டு விரலால் எடுத்து ஜன்னல் கட்டையில் வைத்தார்.

ஒட்டுப்போட்ட பைப்பைப் பற்றவைத்துப் பார்த்தால்தான் வேலை முடிந்ததா என்று தெரியும் என்றேன். தீப்பெட்டி செய்கிற ஊரில் தீப்பெட்டி வைத்துக்கொள்ளக் கூடாதா என்று சிரித்துக்கொண்டே கேட்டும் வைத்தேன். அவர் சிரிக்கவில்லை.

"செய்யிற எங்களுக்குத்தான தம்பி தெரியும். பத்த வைக்கணும்னா கம்மாக்கரைக்குப் போயிட்டு வாங்க. வந்து கை காலக் கழுவிட்டு மாடிப்படி ஏறுங்க."

குன்னூர் பார்சல்

ஒரு நாள் குன்னூரிலிருந்து பார்சல் வந்தது. அனுப்பியவர் தேயிலை எஸ்டேட்டில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். பழைய துண்டில் சுற்றிய பைப்; முன்பக்கச் சுவரில் மிளகு அளவு ஓட்டை. சிகரெட்டை விட்டால் வாங்கித் தருகிறேன் என்று அவர் மனைவி சொல்லி, சொன்னபடி வாங்கிக் கொடுத்தது. மனைவி இறந்து, வருகிற மாதத்தோடு ஒரு வருஷம் ஆகிறது. திதியன்று சாயங்காலம் அவர்கள் எப்போதும் உட்காரும் வராந்தாவில் அதே பைப்போடு உட்கார வேண்டும், அதற்குள் சரியாகுமா என்று போனில் கேட்டார். வேறு பைப் அனுப்பட்டுமா என்று கேட்க வாயெடுத்தேன். நல்லவேளை, கேட்கவில்லை.

இத்தனை வருஷம் உழைத்த பைப் எப்போது கருகியது என்று விசாரித்தேன். அவள் போய் நாலே மாதத்தில் என்றார். எனக்கு விளங்கிவிட்டது. எதிரே ஆள் இருந்தால் நடுவில் பேசுவோம், பைப் ஆறும், அணையும், மறுபடி பற்றவைப்போம். தனியாக இருந்தால் வாய்க்கு வேறு வேலை கிடையாது, இழுத்துக்கொண்டே இருப்போம். போனை வைத்ததும் என்னுடைய பைப்பை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். அதே இடத்தில், அதே பழுப்புப் பொட்டு. அவர் சொன்னது காதிலேயே நின்றது.

"அவ பேச ஆரம்பிச்சா அஞ்சு தடவ அணையும், தம்பி. அப்பல்லாம் எரிச்சலா இருக்கும்."

தயிரும் கரியும்

கருகியதை நல்ல மரம் தெரிகிறவரை சுரண்டி, துளையைச் சீராக்கி, பிரையரிலேயே செதுக்கிய ஆப்பை இறுக்கினேன். பிறகு உள்ளே பூச்சு. புளிக்காத தயிரில் நைசான கரித்தூளைக் குழைத்துப் பூசிக் காயவிடுவது அங்கே கற்ற முறை. அங்கே கரித்தூள் டப்பாவில் வரும். வெடிமருந்துக்குக் கரி இடிக்கிற இந்த ஊரில் அதைக் காசு கொடுத்து வாங்குவதா என்று, பக்கத்து அச்சங்குளத்தில் பட்டாசுக் கம்பெனி ஃபோர்மேனாக இருக்கும் என் பள்ளித்தோழன் கருப்பசாமியிடம் கேட்டேன். வீட்டிலேயே இடித்துச் சலித்து ஒரு பொட்டலம் கொண்டுவந்தான். கண்மை மாதிரி இருந்தது.

ஐந்தாம் நாள், அக்கா சொன்ன கண்மாய்க் கரையில் தண்ணீரோரமாக உட்கார்ந்து, ஒரு சிட்டிகை புகையிலை வைத்துப் பற்றவைத்தேன். முதல் இழுப்பிலேயே பைப் சீறியது. மூக்குக்கு முன்னால் ஒரு சாண் உயரத்துக்குப் பொறி பூத்தது. உதறி மண்ணில் போட்டேன். எடுத்துப் பார்த்தால், புது ஆப்பைச் சுற்றிக் கறுப்பு வளையம். ஒரு கிழவருடைய ஒரே ஒரு சாயங்காலத்தை நான் கொளுத்திவிட்டேன்.

கருப்பசாமியைப் போனில் பிடித்தேன். கரி சுத்தமான கரிதான் என்று சத்தியம் செய்தான். எதில் சலித்தாய் என்று கேட்டேன். கம்பெனியில் கழித்துப்போட்ட பழைய சல்லடையில். அதில் என்ன சலித்தார்கள்? வெடியுப்பு; கரியோடு சேர்ந்தால் சீறுகிற வெடிமருந்துச் சரக்கு. அவனே தொடர்ந்தான்.

"ஏலே, இதையே நான் கம்பெனியில பண்ணியிருந்தா, இப்ப ஒன் போனை எடுக்க ஆள் இருந்திருக்காது."

ஒளிக்க முடியாத செய்தி

சொல்லாமல் மறைத்திருக்கலாம். கெட்ட இடத்தை வெட்டியெடுத்துப் பெரிய ஆப்பாக வைத்தால் வெளியே தெரியாது. இரண்டு நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் குன்னூர்க்காரர் தினமும் கூப்பிட்டு, பைப் எப்படி இருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் ஆளை விசாரிப்பதுபோல் விசாரித்தார். மூன்றாம் நாள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

பொறி எவ்வளவு உயரம் எழும்பியது என்று கேட்டார். ஒரு சாண் என்றேன்.

"அவ வாங்கிக் குடுத்த நாள்லேர்ந்து அதைத் திட்டிக்கிட்டே இருந்தா, தம்பி. இப்பத்தான் அது பதில் சொல்லியிருக்கு."

கருகிய வாடை

மறுபடியும் வெட்டி, பெரிய ஆப்பு வைத்து, மருந்துக்கடையில் வாங்கிய கரியைப் பூசிக் காயவிட்டேன். மூன்று முறை கண்மாய்க்கரையில் பற்றவைத்தேன். புகையிலை சமர்த்தாக எரிந்தது. நாளைக் கணக்குப் பார்த்தால் அன்றைக்கே அனுப்பியாக வேண்டும்.

கூரியர் ஆபீஸில் பார்சலை வாங்கும் பெண் அதை முகர்ந்து பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தார். இங்கிருந்து போகும் பெட்டியில் பட்டாசு ஏதும் இருக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. நான் பிரித்துக் காட்டினேன். பைப்பை, ஆப்பை, ஓட்டை இருந்த இடத்தை எல்லாம் விளக்கினேன். அது இறந்துபோனவர் கொடுத்தது என்பதையும் சொன்னேன். அவர் பைப்பைக் கையில் வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பழைய நியூஸ் பேப்பரில் தானே இரண்டு சுற்று சுற்றி, மேலே இன்னொரு கவர் போட்டு ஒட்டினார்.

"கோவிச்சுக்கிறாதீக சார். இங்கன கருகுன வாடைக்கு ஒரே அர்த்தந்தான். எங்கண்ணன் சட்டையை அந்த வாடையோடதான் குடுத்தாக."

அந்தச் சாயங்காலம்

திதியன்று ஆறு மணிக்குக் குன்னூரிலிருந்து அவர் கூப்பிட்டார். நான் கண்மாய்க்கரையில் என் பைப்போடு இருந்தேன். ஆப்பு தாங்குகிறது, சூடு ஏறவில்லை என்றார். அதோடு வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வராந்தாவில் மனைவியின் நாற்காலியை எடுக்கவா வேண்டாமா என்று யோசித்து, அப்படியே விட்டுவிட்டதாகச் சொன்னார். அங்கே மழையா என்று கேட்டேன். இங்கே என்ன சமையல் என்று கேட்டார். ரசமும் அப்பளமும் என்றேன். ரசத்துக்குப் பூண்டைத் தட்டிப் போட வேண்டுமா, நசுக்கியா என்பதில் எங்களுக்குள் சின்னத் தகராறு வந்தது. கம்பெனி வேன்கள் ஒவ்வொன்றாக ஆட்களை இறக்கிவிட்டுப் போயின. அந்தப் பக்கம் பைப்பை உறிஞ்சுகிற சத்தம் இரண்டு முறை வெறுமனே கேட்டது. என் பைப்பைத் தொட்டுப் பார்த்தேன். அது எப்போதோ ஆறியிருந்தது.

"பேச்சுல அணைஞ்சுபோச்சு, தம்பி. இருங்க, போனை வச்சுடாதீங்க, பத்தவச்சுட்டு வரேன்."

பைப் பிடிக்கிறவர்களுக்கெல்லாம் சாயங்காலம் பேச ஆள் கிடைத்துவிட்டால் என் தொழில் படுத்துவிடும் என்பதால், இந்த வைத்தியத்தை இதுவரை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன்.