நான் கழுவிய எட்டுக் கற்கள்

அந்தச் சீன இளைஞர் கல்லைக் கையில் எடுத்து, ஓர் ஓரத்தை நாக்கால் நக்கிப் பார்த்தார். ஈரம் பட்டால்தான் கல்லின் நிறம் தெரியுமாம். கல்லைப் பற்றிப் படித்தவர்கள் எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். உடனே முகத்தைச் சுளித்து, டிஷ்யூவில் வாயைத் துடைத்துக்கொண்டு, “சோப்” என்றார். மேசையைச் சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். சக்கர நாற்காலியில் இருந்த டாக்டரம்மா சிரிக்கவில்லை. அவருக்குப் பின்னால் கஞ்சிப் போத்தலை மடியில் வைத்து நான் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கற்களைச் சோப்புப் போட்டுத் தேய்த்தவள் நான்தான்.

டாக்டரம்மா என்றால் ஊசி போடும் டாக்டர் இல்லை. மலை, மண், பாறை என்று படித்துப் பட்டம் வாங்கியவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கிள்ளானிலிருந்து ரயிலேறிப் போய், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் அவர் வீட்டில் இருபது வருஷத்துக்கு மேல் சமைத்தேன். நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் கூடிய இடத்தில் எனக்கு வாய் வராது. அவரிடம் மட்டும் வாயாடுவேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அவர் சும்மா இருக்கவில்லை. ரவாங் பக்கம் ஒரு மலையை வெட்டி வீடு கட்டப் போகிறார்கள், அதற்குள் பார்த்துவிட வேண்டும் என்று தனியாகவே போய் வந்தார். கடைசியாகப் போனபோது எட்டுக் கற்களைச் சேறும் சகதியுமாகக் கொண்டுவந்து சமையலறைப் பின்வாசலில் வைத்தார். மறுநாள் நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்.

அவர் திரும்பி வரும்போது வீடு பளிச்சென்று இருக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் கழுவினேன். அதுவரை அவருடைய கற்கள் ஆபீஸிலேயே இருந்ததால் எனக்கு ஒன்றும் தெரியாது. சேறு போனதும் ஒவ்வொரு கல்லிலும் பொட்டு வைத்தது போல வெள்ளைச் சாயமும் அதன்மேல் கறுப்பில் ஏதோ எண்ணும் தெரிந்தன. புதுச் சட்டியில் விலைச் சீட்டைச் சுரண்டுவது போல, கம்பி நாரால் சுரண்டி எடுத்தேன். வெயிலில் காயவைத்து, துண்டில் சுற்றிப் பெட்டியில் அடுக்கினேன்.

அவர் வீட்டுக்கு வந்த நாலாம் நாள் கோலாலம்பூரிலேயே ஒரு ஹோட்டலில் மாநாடு. போக வேண்டாம் என்று கெஞ்சினேன். “மேடையில பேசுறதெல்லாம் சும்மாக்கா. காப்பி நேரத்துல ஒரு மேசையச் சுத்தி உக்காந்து சண்ட போடுவோம் பாருங்க, அதான் மாநாடு,” என்றார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். மேசையில் ஒரு மலாய்க்காரப் பெண்மணி, அந்தச் சீன இளைஞர், டாக்டரம்மாவோடு படித்த நம்மவரான ஒரு பேராசிரியர். எல்லாம் ஆங்கிலத்தில்தான் நடந்தது. பேராசிரியர் மட்டும் கிண்டல் வரும்போது தமிழுக்கு மாறுவார்.

அந்தச் ‘சோப்’ சிரிப்பு அடங்கியதும் டாக்டரம்மா எட்டுக் கற்களையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். பிறகு தலையைத் திருப்பி என் கைகளைப் பார்த்தார். அவ்வளவுதான்.

பேராசிரியர் தமிழுக்கு மாறினார். “என்னம்மா, நம்பர் எங்க? எந்த உயரத்துல எடுத்ததுன்னு தெரியாட்டி இத மீன் தொட்டியிலதான் போடணும்.”

“நான்தான் கழுவிட்டேன்லா. படுத்துப் படுத்து மூள மழுங்கிப்போச்சு,” என்றார் டாக்டரம்மா.

“ஃபர்ஸ்ட் இயர் புள்ளகூட இப்படிச் செய்யாதே!”

“மறுபடியும் போய் எடுக்கலாம்னா மலையத்தான் வெட்ட ஆரம்பிச்சிட்டாங்களே,” என்று டாக்டரம்மா சிரிக்கப் பார்த்தார். மலாய்க்காரப் பெண்மணி அவர் தோளைத் தொட்டார். பேச்சு வேறு எதற்கோ போய்விட்டது. கழுவியது நான்தான் என்று சொல்லாமல், கஞ்சிப் போத்தலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

காரில் ஏறியதும் டாக்டரம்மா கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்ச தூரம் போன பிறகு, “என் வீட்டுப் பானையக்கூட நீங்க இப்படித் தேச்சதில்லயேக்கா,” என்றார். நான் அழுதேன். “அழாதீங்கலா. கஞ்சியக் குடுங்க, பசிக்குது,” என்று வாங்கிக் குடித்தார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. இரண்டு மாதத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

போன மாதம் அவர் நினைவாக ஒரு கூட்டம் வைத்து என்னையும் அழைத்தார்கள். பேச்செல்லாம் முடிந்து, அதே மாதிரி ஒரு மேசையைச் சுற்றி எல்லாரும் காப்பியோடு உட்கார்ந்தார்கள். பேராசிரியர் உண்மையான வருத்தத்தோடுதான் பேசினார். “எவ்ளோ கெட்டிக்காரங்க! கடைசியில பாவம், நினைவு தப்பிடுச்சு. நம்பரையே கழுவிட்டாங்க.” பிறகு என் பக்கம் திரும்பி, “நீங்க கூடவே இருந்தீங்களே ஆன்டி, அப்பவே மறதி இருந்துச்சா?” என்று கேட்டார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்று ஆட்டினேன்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அன்று நான் தலையாட்டியது பொய். அவருக்கு மறதி இல்லை. கடைசி நாள் வரைக்கும் எல்லாம் நினைவில் இருந்தது. எட்டுக் கல்லிலும் அவர் எண் எழுதியிருந்தார். ஒன்றில் ஏழு இருந்தது. ஏழுக்குக் குறுக்கே ஒரு சின்னக் கோடு போடுவார். அந்தக் கோடு போகத்தான் அதிக நேரம் தேய்த்தேன்.