அந்தக் கடைக்கு மட்டும் போயிடாதீக

காரைக்குடியில் சுற்றுலா வண்டி ஓட்டுகிறவனுக்குக் கண் இரண்டு, காது இரண்டு, நாணயம் சுத்தமாகக் கிடையாது. கடைசியாகச் சொன்னது என் கருத்து இல்லை. என் வண்டியில் ஏறுகிறவர்களின் கருத்து. இந்த ஊரில் நல்ல சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று டிரைவரிடம் கேட்பார்கள். பதில் சொன்னால், "உங்களுக்கு எவ்வளவு கமிஷன்?" என்பார்கள். சொல்லாவிட்டால், "ஊரைப் பத்தி ஒண்ணுமே தெரியலையே" என்பார்கள். வாடகை வண்டி ஓட்டும் சக தியாகிகளுக்கு இது புதிதில்லை. மற்றவர்கள் பொறுமையாகப் படியுங்கள். நீங்கள் என் வண்டியில் வந்தவராகக்கூட இருக்கலாம்.

முதலில் என் வீட்டு நிலவரம். என் மனைவி காமாட்சி பதினோரு வருடம் ஒரு ஜவுளிக்கடையில் சேலை எடுத்துப் போட்டவள். காலை ஒன்பதரைக்கு நிற்க ஆரம்பித்தால் கடை சாத்தும்வரை நிற்க வேண்டும். ஒரு நிமிடம் உட்கார்ந்தால் சூப்பர்வைசர் வந்து எதிரில் நிற்பார். காலில் நரம்பு சுருண்டதுதான் மிச்சம். போன சித்திரையில் அந்த வேலையை விட்டுவிட்டு, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் மதியச் சாப்பாட்டுக் கடை போட்டாள். மூன்று மேஜை, பன்னிரண்டு நாற்காலி. காலையில் சந்தையில் எது நன்றாக இருக்கிறதோ, அதுதான் மதியம் இலையில். "தீபாவளிக்கு ஜவுளிக்கடையில ஆள் எடுப்பாக. அதுவரைக்கும் பாப்பேன். கூட்டம் சேரலைன்னா திரும்ப அங்கேயே போயி நின்டுக்கிறேன்" என்று சொல்லிவிட்டாள். சொன்னபோது அவள் கண் கலங்கவில்லை, என் கண்தான் கலங்கியது. தினமும் வண்டி நிறைய ஆள் ஏற்றுகிறவன் பன்னிரண்டு நாற்காலியை நிரப்ப மாட்டேனா என்று நினைத்தேன். அப்போது எனக்கு இந்தத் தொழிலில் பத்தொன்பது வருட அனுபவம் இருந்தும் புத்தி வரவில்லை.

அரை நாளில் ஒரு நாடு

சென்னையிலிருந்து ஒரு குடும்பம், ஆறு பேர். காலை எட்டு மணிக்கு ரயில்வே ஸ்டேஷனில் ஏறினார்கள். குடும்பத் தலைவர் கையில் போன், போனில் ஒரு பட்டியல். பெரிய வீடு ஒன்று, ஆத்தங்குடித் தரைக்கல், பிள்ளையார்பட்டி, கண்டாங்கிச் சேலை, பழம்பொருள், பலகாரம். "மூணு மணிக்குள்ள செட்டிநாட்டை முடிச்சிடணும்" என்றார். ஏதோ பல் பிடுங்கும் வேலை மாதிரி சொன்னார். பெரிய வீட்டில் தேக்குத் தூண் ஒவ்வொன்றின் முன்னாலும் ஆறு பேரும் நின்று படம் எடுத்தார்கள். தூண் தெரியாதபடி எடுப்பதற்குத் தனித் திறமை வேண்டும், அவர்களுக்கு இருந்தது.

சாப்பாட்டு நேரம் வந்தது. நானும் வெகுளியாக, "சின்னக் கடைதாங்க, காலையில சந்தையில வாங்கினதை அப்பயே சமைக்கிற கடை ஒண்ணு இருக்கு" என்றேன். பின் சீட்டில் ஒரு குசுகுசுப்பு. கடைசியில் சமையலறையைவிடப் பெயர்ப்பலகை பெரிதாக இருந்த ஒரு ஹோட்டலுக்குப் போய், காரைக்குடிக்கு வந்து ஆளுக்கொரு கோபி மஞ்சூரியன் சாப்பிட்டார்கள். இறங்கும்போது அந்த மனிதர் என் தோளில் தட்டிச் சொன்னார்: "தப்பா எடுத்துக்காதீங்க. டிரைவர் சொல்ற கடைக்குப் போறதில்லைன்னு எங்க குடும்பத்துல ஒரு கொள்கை."

முந்தாநாள் செய்த பழம்பொருள்

பழம்பொருள் கடைத் தெருவில் நல்ல சரக்கு நிறைய உண்டு. அதைப் பார்க்கக் கண் வேண்டும். கண்ணை வீட்டில் வைத்துவிட்டு, பையை மட்டும் எடுத்து வருகிறவர்களும் உண்டு. அப்படி வந்த ஒருவர் பித்தளைத் தூக்குவாளி ஒன்றைக் கையில் எடுத்து, குழந்தையைப் போலத் தடவிக்கொண்டிருந்தார். "எங்க ஹாலுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு. நூறு வருஷம் இருக்குமா?" என்று என்னைக் கேட்டார். நான் மெதுவாக, "புதுசு சார், புளி போட்டு விளக்காம கறுக்க விட்டிருக்காக. பழசு வேணும்னா அங்குட்டு நாலாவது கடையில இருக்கு" என்றேன். ஒரே பார்வைதான். நாலாவது கடையில் எனக்குப் பங்கு இருக்கிறது என்று அந்தப் பார்வையிலேயே முடிவாகிவிட்டது. என் மேல் இருந்த கோபத்தில் ஒன்றுக்கு இரண்டாக வாங்கினார்.

வண்டியில் ஏறியதும் தூக்குவாளியைத் திருப்பிப் பார்த்தார். அடியில் ஒரு ஸ்டிக்கர். பாதி கிழிந்திருந்தாலும் கோடு கோடாக ஸ்கேன் செய்கிற கட்டம் பளிச்சென்று தெரிந்தது. நான் கண்ணாடியில் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார். இனி வழியில்லை, ஒத்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவரா? ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டிக்கொண்டே பெருமையாகச் சொன்னார்: "பாத்தீங்களா, நம்ம ஆளுங்க அந்தக் காலத்துலயே எவ்வளவு முன்னேறி இருந்திருக்காங்க!"

சந்தைக்கு வந்த மகராசி

பெங்களூரிலிருந்து ஓர் அம்மா வந்தார். கோயில் வேண்டாம், மாளிகை வேண்டாம், உள்ளூர்ச் சந்தைதான் பார்க்க வேண்டும் என்றார். எனக்கு உள்ளுக்குள் ஒரே குதூகலம். புதுக் காய்கறியைத் தேடி வருகிறவர் நம் காமாட்சி கடைக்கு வராமல் எங்கே போவார்? வழியிலேயே கடையைப் பற்றிச் சொன்னேன். அவர் போனில் தேடினார். "ஒரு ஸ்டார்கூட இல்லையே" என்று உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனை உள்ளே வைத்தார்.

சந்தையில் நாச்சியாபுரத்திலிருந்து தக்காளி கொண்டுவரும் பாண்டியம்மா முன்னால் போய் உட்கார்ந்தார். ஒரு தக்காளியைக் கையில் எடுத்தார். எந்த ஊர் என்று கேட்டார். யார் வளர்த்தது என்று கேட்டார். என்ன போட்டு வளர்த்தீர்கள், இதற்கு முன்னால் ஏதாவது நோய் வந்ததா, கூடப் பிறந்ததெல்லாம் இதே நிறமா என்று வரிசையாகக் கேட்டார். பாண்டியம்மாவுக்கு எதிரில் நாலு பேர் பையோடு நிற்கிறார்கள். இருந்தாலும் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். கால் மணி நேரம் கழித்து அந்த அம்மா தக்காளியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, "யோசிச்சுச் சொல்றேன்" என்று எழுந்தார். பாண்டியம்மா அவரை ஏற இறங்கப் பார்த்துக் கேட்டாள்: "ஏந்தாயி, நீங்க தக்காளி வாங்க வந்தீகளா, பொண்ணு பாக்க வந்தீகளா?"

காரைக்குடிக் கோழி

ஆடி மாதம் ஒருவழியாக ஒரு ஜோடி சிக்கியது. கோயமுத்தூர், கல்யாணமாகி மூன்று மாதம். மழை பிடித்துக்கொண்டதால் வேறு வழியில்லாமல் காமாட்சி கடைக்குள் நுழைந்தார்கள். அவள் என் மனைவி என்று நான் மூச்சு விடவில்லை. சொன்னால் கொள்கை, கமிஷன் என்று எழுந்து மழையிலேயே ஓடிவிடுவார்கள். அன்றைக்கு நாட்டுக்கோழிக் குழம்பு, கத்தரிக்காய்க் கோசமல்லி, முருங்கைக்கீரை. வாசம் தெருமுனை வரை போனது. அந்தப் புதுமாப்பிள்ளை, துடைத்து வைத்த மேஜையைக் கைக்குட்டையால் இன்னொரு தடவை துடைத்துவிட்டு, "செட்டிநாடு சிக்கன் இருக்கா?" என்று கேட்டான். கோழிக் குழம்பு இருக்கிறது என்றாள் காமாட்சி. "அது இல்லைங்க. செட்டிநாடு சிக்கன். செக்கச்செவேல்னு, மேல முந்திரி போட்டு வருமே."

காமாட்சி கரண்டியைக் கீழே வைத்தாள். அவள் கரண்டியைக் கீழே வைத்தால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். நான் வாசல் பக்கம் நகர்ந்துகொண்டேன். "காரைக்குடிக் கோழிய, காரைக்குடியில வச்சு, காரைக்குடிக்காரி கொழம்பு வச்சிருக்கேன். இதுக்கு மேலயும் செட்டிநாடு வேணும்னா நீங்க கோயமுத்தூருலதான் போயிச் சாப்புடணும்" என்றாள்.

பகையாளி

ஆவணியும் பிறந்துவிட்டது. சில நாள் ஆறு இலை, சில நாள் நாலு இலை. மிச்சக் குழம்பை நாங்களே சாப்பிட்டுச் சாப்பிட்டு நான் ஒரு சுற்றுப் பெருத்துவிட்டேன். காமாட்சி ஜவுளிக்கடைக்குக் கட்டிப்போகும் அந்த மெரூன் சேலையைப் பெட்டியிலிருந்து எடுத்து வெயிலில் போட்டாள். அதைப் பார்த்த காலையில் கோபத்தை யார் மேல் காட்டுவது என்று தெரியாமல் அவள் மேலேயே காட்டினேன். பெரிய சண்டை. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வண்டியை எடுத்தேன்.

அன்றைக்குத் திருப்பத்தூரிலிருந்து வந்த நாலு நண்பர்கள் வண்டியில். சந்து முனையில் போகும்போது ஒருவர், "வாசனை தூக்குதே, அந்தக் கடை எப்படி?" என்றார். காலைச் சண்டை நாக்கிலேயே இருந்தது. "அந்தக் கடைக்கு மட்டும் போயிடாதீக. அந்தம்மா மகா திமிர் பிடிச்சது. டிரைவருக்கு அஞ்சு பைசா குடுக்காது" என்றேன். ஒரு சொல் பொய்யில்லை. அடுத்த விநாடி பின்னாலிருந்து நாலு கை என் தோளைத் தட்டியது. நிறுத்தச் சொன்னார்கள், இறங்கினார்கள், ஒரு மணி நேரம் ஆளே வெளியே வரவில்லை. வந்தவர்களில் ஒருவர் ஏப்பம் விட்டுக்கொண்டே என்னிடம் சொன்னார்: "நீரு வேணாம்னு சொன்னப்பவே தெரிஞ்சுபோச்சுய்யா, கடை நல்ல கடைன்னு."

ஒற்றை நட்சத்திரம்

அதற்குப் பிறகு கட்டின மனைவியைத் திட்டுவதையே தொழிலாக வைத்துக்கொண்டேன். சந்து முனையில் வண்டியை மெதுவாக்குவேன், முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொள்வேன், யாராவது ஏன் என்று கேட்பார்கள். அவ்வளவுதான், அன்றைய நாற்காலி நிரம்பிவிடும். ஸ்டாண்டில் என்னோடு வண்டி போடும் முத்து, "அண்ணே, நானும் காமாட்சியக்காவத் திட்டவா?" என்று அனுமதி கேட்டான். ஒரே மாதத்தில் அவளுக்கு எதிராக ஏழு டிரைவர்கள். சந்தில் வரிசை நின்றது. போனில் அவள் கடைக்கு ஐந்து ஐந்தாக நட்சத்திரம் விழுந்தது. கூடவே எனக்கும் விழுந்தது. "அருமையான கடையைப் போகவிடாமல் தடுத்த டிரைவர்" என்று எழுதி ஒரே ஒரு நட்சத்திரம். டிராவல்ஸ் முதலாளி கூப்பிட்டு, இன்னொரு புகார் வந்தால் வண்டிச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்றார். நான் தலையை ஆட்டிவிட்டு வந்து, மறுநாளும் திட்டினேன்.

ஒரு நாள் ஸ்டாண்டுக்கு, பக்கத்துத் தெருவில் இட்லிக் கடை வைத்திருப்பவர் டீயும் வடையுமாக வந்தார். எல்லோரும் டீயைக் குடித்து முடித்த பிறகு, தலையைச் சொறிந்துகொண்டு கேட்டார்: "அண்ணே, நம்ம கடையையும் நாலு வார்த்தை அசிங்கமாப் பேசுனீகன்னா நல்லாருக்கும்."

பார்சல்

இதில் ஒரே ஒரு கஷ்டம். பகையாளி அந்தக் கடைக்குள் போக முடியாது. பயணிகள் உள்ளே உட்கார்ந்து இரண்டாம் முறை குழம்பு கேட்கும்போது, நான் சந்து முனையில் வண்டிக்குள் பன்னைக் கடித்துக்கொண்டிருப்பேன். "ஏன் இப்பல்லாம் மதியம் கடைப்பக்கம் வாரதில்ல?" என்று காமாட்சி இரண்டு தடவை கேட்டாள். டிராபிக் என்று சொல்லி வைத்தேன்.

புரட்டாசியில் ஒரு நாள், திருச்சியிலிருந்து வந்த ஒரு பேங்க் அம்மாவை இறக்கிவிட்டு வண்டியில் உட்கார்ந்திருந்தேன். கடை வாசலில் வெள்ளைச் சட்டையோடு ஓர் ஆள் வரிசையில் நின்றார். பார்த்த முகம். ஜவுளிக்கடை சூப்பர்வைசர். தீபாவளிக்கு ஆள் கேட்டு வந்திருக்கிறார். நாற்காலி காலி இல்லை. ஒரு காலை மாற்றி ஒரு கால் ஊன்றி, இருபது நிமிடம் நின்றார். காமாட்சி அவரைப் பார்த்துச் சிரித்தாள், வரமாட்டேன் என்று தலையை ஆட்டினாள், சாம்பார் வாளியோடு அடுத்த மேஜைக்குப் போனாள். என் கண் மறுபடி கலங்கியது.

பேங்க் அம்மா சாப்பிட்டுவிட்டு நேராக என் ஜன்னலுக்கு வந்தார். கையில் வாழை இலைப் பொட்டலம். முகம் சிவந்திருந்தது. "உங்களைப் பத்தி அந்தம்மாகிட்ட சொல்லிட்டேன். வெள்ளை வண்டி, வழுக்கைத் தலை, வெளியே நின்னு உங்க கடையைக் கேவலமாப் பேசறாரு, போலீஸ்ல புகார் குடுங்க, நான் சாட்சி சொல்றேன்னு சொன்னேன். அவங்க கல்லாவுல சாஞ்சு கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சாங்க. அப்புறம் இதைக் கட்டிக் குடுத்தாங்க" என்று பொட்டலத்தை நீட்டினார். பிரித்தேன். வெண்டைக்காய் மண்டி, வாழைப்பூக் கோளா, எனக்குப் பிடித்த அடிச்சோறு. வேறு ஏதாவது சொன்னாளா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். அந்த அம்மா ஒன்றும் புரியாத முகத்தோடு, கேட்டதை அப்படியே ஒப்பித்தார்: "'பசியோட திட்டுனா சத்தம் வராது, சாப்புட்டுட்டுத் தெம்பாத் திட்டச் சொல்லுங்க, தீபாவளி வரைக்கும் நிறுத்திடக் கூடாது'ன்னாங்க."

பத்தொன்பது வருடம் ஊரைச் சுற்றிக் காட்டி நான் கண்டது இவ்வளவுதான்: உண்மையைச் சொன்னேன், ஒருவரும் சாப்பிடவில்லை, பெண்டாட்டியைத் திட்டினேன், ஊரே இலை போட்டுச் சாப்பிடுகிறது, அவள் புருஷன் மட்டும் வண்டிக்குள் பார்சல் தின்கிறான்.