பாட்டிலில் வந்த ரசம்

வந்தவாசியைத் தாண்டி உத்திரமேரூர் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். தோள்பையில் இருந்த பாட்டில் அடிக்கொரு தரம் இடுப்பில் இடித்தது. பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியை விட்டுப் போன பிறகு, நான் வேலை பார்த்த ஒயின் கடையையும் மூடிவிட்டார்கள். முதலாளி கப்பல் ஏறுமுன் ஆளுக்கு ஒரு பாட்டில் கொடுத்தார். மற்றவர்கள் அன்றைக்கே குடித்துத் தீர்த்தார்கள். நான் திறக்கவில்லை. உத்திரமேரூர்ப் பக்கத்து மாதா கோயில் சாமியார் பூசைக்கு ஒயின் கிடைக்காமல் திண்டாடுகிறார், கொண்டுபோய்க் கொடுத்தால் வேலை தருவார் என்று யாரோ சொன்னதை நம்பிக் கிளம்பியிருந்தேன். சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு. பிடிபட்டால் வேலைக்குப் பதில் ஜெயில்.

கடையில் எனக்குப் பாட்டில் கழுவுகிற வேலை. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவனுக்கு பிரெஞ்சு லேபிள் எங்கே படிக்க வரும்? கையால் தடவித்தான் கற்றுக்கொண்டேன். பாட்டிலின் தோள் நிமிர்ந்திருந்தால் போர்தோ ஒயின். தோள் சரிந்திருந்தால் புர்கோஞ். கண்ணாடி கனமாக இருந்தால் நுரை பொங்கும் ஷம்பாஞ். அது ஒருமுறை வெடித்து என் உள்ளங்கையைக் கிழித்தது. கடைக் காவல்காரர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், அந்த நாட்டில் திராட்சை பறித்தவர். பாட்டிலின் அடியில் தங்கியதை நாங்கள் ருசி பார்க்கும்போது அவர் பேச்சு நிற்காது. போர்தோவில் கபெர்னே என்ற பழம், தோல் தடிப்பு, நாக்கை இழுத்துப் பிடிக்கும், அதன் முரட்டுத்தனம் அடங்க மெர்லோவைக் கலப்பார்கள் என்பார். சிவப்பு புர்கோஞுக்கு பினோ ஒன்றே போதும், அதற்குத் தோல் மெலிசு. பழத்தைத் தொட்டியில் கொட்டிக் காலால் மிதிப்பார்கள் என்றும் சொன்னார். அதை மட்டும் நான் நம்பவில்லை. கால்பட்டதைத் துரைமார் குடிப்பார்களா?

திராட்சைக் கொடியையே பார்க்காத எனக்குக் கபெர்னே என்றால் இனிப்பை எடுத்துவிட்ட நாவல்பழம். என் பையில் இருந்தது போர்தோ.

ஏரிக்கரையில் ஒரு கான்ஸ்டபிள் சைக்கிளைச் சாய்த்துவிட்டு நின்றிருந்தார்.

“டேய், பையில இன்னாடா?”

ஒயின் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதை விழுங்கிவிட்டு, மாதா கோயிலில் சொல்கிற சொல்லைச் சொன்னேன். “திராட்சை ரசங்க.”

“ரசமா? சோத்துல ஊத்திக்கிற ரசத்த பாட்டில்ல அடைச்சிக்கினு எங்கடா போற?”

“மாதா கோயில் சாமியாருக்குங்க.”

“ஏன், அவுருக்கு ரசம் வைக்க ஊர்ல ஆளே இல்லியா?”

ஒரு கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். தக்கையை ஒரு குச்சியால் உள்ளே தள்ளவைத்து மோந்து பார்த்தார். அவருக்குக் குடிப்பழக்கம் இல்லை போலிருக்கிறது, ஒன்றும் பிடிபடவில்லை. காலெல்லாம் களிமண்ணோடு கரைமேல் வந்த ஒருவரைக் கூப்பிட்டார்.

“சாராய கேசுல உள்ள போயி வந்தவன்தான நீ? இது சரக்கா, ரசமா, சொல்லு.”

அந்த ஆள் ஒரு வாய் குடித்தார். என்னைப் பார்த்தார். “சரியா தெரில சார்” என்று இன்னொரு வாய் குடித்தார். அவர் முகத்தைக் கோணிக்கொண்டு சொன்னார்: “ஐயே! ரசம்தான் சார். ஊசிப்போச்சி. பெருங்காயம்கூட போடல.”

“நெஞ்ச எரிக்குதா?”

“சாராயமா இருந்தா என் மூஞ்சி இப்பிடியா சார் இருக்கும்?”

கான்ஸ்டபிள் என் கையை உடனே விடவில்லை. என் முகத்தையும் பாட்டிலையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, “ஊசினத சாமிக்கு எடுத்துக்கினு போறியே, பாவி. ஊத்துடா கீய” என்றார்.

ஊற்றினேன். கரைமண் குடித்துக் கறுத்தது. கடைசிச் சொட்டுவரை பார்த்துவிட்டுத்தான் அவர் சைக்கிளில் ஏறினார்.

அவர் தலை மறைந்ததும் அந்த ஆள் உதட்டை நக்கினார். “ரசமாம் ரசம்! எனுக்குத் தெரியாதா நைனா? நாவப்பயம் தின்னா மாதிரி வாய இஸ்துக்கினு கீது. எந்தூரு சரக்கு?”

“பிரான்சு.”

“அங்கயும் நாவமரம் கீதா?”

சாமியாரிடம் கொண்டுபோக இனி ஒன்றும் இல்லை. அதைச் சொன்னேன். அவர் காலிப் பாட்டிலை எண்ணெய்க்கு ஆகும் என்று வாங்கிக்கொண்டு, என் கால்களைப் பார்த்தார்.

“கால் ரெண்டும் நல்லாதான கீது? காலைல எங்க சூளைக்கு வா.”

மறுநாள் காலை செங்கல் சூளையில் என்னைக் குழிக்குள் இறக்கினார்கள். தண்ணீர் விட்ட களிமண், முழங்கால் ஆழம். குதிகாலை அழுத்தி மிதிக்கச் சொன்னார் மேஸ்திரி. மிதித்தேன்.